பள்ளிக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் இடையில்

பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவனின் சட்டைப்பையில் ஹான்ஸ் புகையிலைப் பொட்டலமோ, உதட்டில் அடக்கும் கூல் லிப் புகையிலை டப்பாவோ, ஒரு சிட்டிகைக் கஞ்சாவோ அகப்பட்டுவிட்டால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்களிடம் அதற்கு இரண்டு பதில்கள்தாம் உள்ளன. பெற்றோரை வரவழைத்துக் கண்டித்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பது ஒன்று; 'வயசுக் கோளாறு, தானே சரியாகும்' என்று கண்டும் காணாமல் விடுவது மற்றொன்று. அதே பையன் இருபத்தொரு வயதில் வீட்டுப் பாத்திரத்தை விற்கத் தொடங்கும்போது, அவனை வேனில் ஏற்றி ஏதாவது ஒரு மறுவாழ்வு மையத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். இடையில் ஐந்தாறு ஆண்டுகள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கின்றன. இளையோரின் போதைப் பழக்கம் குறித்துக் கடந்த நாற்பது ஆண்டுகளாக வெளிவந்த ஆய்வுகளில் எனக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் அந்த இடைவெளி ஆண்டுகளைப் பற்றியவை. தக்கலைக்கும் குளச்சலுக்கும் இடையே உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் எனக்குப் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்தின் பொறுப்பும் வந்து சேர்ந்ததால் இவற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. படித்தவற்றை இந்த ஊர் நிலைமையோடு வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் நாட்டின் நிலவரம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, ஏறத்தாழ 4.7 லட்சம் பேரிடம் கேட்டறிந்த பெரிய முயற்சி அது. பத்து முதல் எழுபத்தைந்து வயது வரை உள்ளோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாகவும், 2.8 விழுக்காட்டினர் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவதாகவும் அது கூறியது. முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருள்களில் மட்டும் கணக்கு தலைகீழாக இருந்தது. பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினர் அவற்றைப் பயன்படுத்த, சிறுவர்களிலும் வளரிளம் பருவத்தினரிலும் 1.17 விழுக்காட்டினர் பயன்படுத்தினர். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் எழுத்துப் பிழையை அழிக்கும் வைட்னரும் எந்தப் பெட்டிக்கடையிலும் எழுதுபொருள் கடையிலும் எவருடைய ஐயத்தையும் கிளப்பாமல் வாங்கக் கூடியவை என்பதை நினைத்தால் இது வியப்பளிக்கவில்லை.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்தியவை சிகிச்சை பற்றிய வரிகள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்து பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் இருபது பேருக்கு ஒருவர். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் ஆராய்ந்து, மதுப் பழக்க நோய் உள்ளவர்களில் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. இவையெல்லாம் நோய் முற்றியவர்களைப் பற்றிய எண்கள். நோய் முற்றாத பதினாறு வயதுக்காரனை மருத்துவர் ஒருவர் பார்த்திருப்பார் என்று எதிர்பார்க்கவே முடியாது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் கிராண்ட், டாசன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் வெளியிட்ட பகுப்பாய்வு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பதினான்கு வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் எப்போதாவது மதுவுக்கு அடிமையாகியிருந்தனர். இருபது வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது பத்து விழுக்காடு அளவில்தான் இருந்தது. கஞ்சாவைப் பற்றி நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு உள்ளது. அதில் பதினைந்து வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு இருபத்தாறு வயதுக்குள் மனச்சிதைவை ஒத்த நோய் காணப்பட்டது. தொடாதவர்களில் நூற்றுக்கு மூவருக்குத்தான் அது வந்தது. சுவீடனில் இராணுவத்துக்கு எடுக்கப்பட்ட நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. சேரும்போதே ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கஞ்சாவைத் தொடாதவர்களைவிட ஆறு மடங்கு என்று அது கண்டது. 'கஞ்சா இலைதானே, மூலிகைதானே' என்று வாதிடும் பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் இவ்விரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை தேவை. சிறுவயதில் தொடங்குவது நோய்க்குக் காரணமா, அல்லது நோய்க்கு ஆளாகக்கூடிய குடும்பச் சூழலும் உடலமைப்பும் உள்ள பிள்ளைகள்தாம் சிறுவயதிலேயே தொடங்குகிறார்களா என்ற கேள்வி இன்னும் முடிவடையவில்லை. இரண்டும் ஓரளவு உண்மை என்பதே இப்போதைய புரிதல். மூளையில் திட்டமிடுதலுக்கும் ஆசையை அடக்குதலுக்கும் உரிய முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தை நாடும் பகுதிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே முழு வேகத்துக்கு வந்துவிடுகின்றன. அதே சமயம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் மதுவுக்கு அடிமையான தந்தையரின் பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்கள் ஒரு துளி மதுவைக்கூட அருந்துவதற்கு முன்பே மூளையின் மின் அலைகளில் வேறுபாடு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவின் ஏழு இடங்களில் ஆறு முதல் இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்ட பத்தாயிரம் பேரைக் கவனிக்கும் 'சிவேடா' ஆய்வும் இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கப்பட்டதுதான். எனவே 'ஒரு தடவை தொட்டால் போச்சு' என்று மேடையில் முழங்குவதும் அறிவியல் அன்று. 'எங்க காலத்துல நாங்க குடிக்காததா' என்று சிரிப்பதும் அறிவியல் அன்று.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம், 91.75 விழுக்காடு. அந்தப் பெருமை இந்த விஷயத்தில் நமக்கு எந்தக் காப்பும் அளிக்கவில்லை. கடற்கரை ஊர்களில் வள்ளத்தில் போகும் பையனுக்குப் பதினாறு வயதிலேயே பங்குப் பணம் கையில் வருகிறது. விளவங்கோடு பக்கத்தில் தந்தை வளைகுடாவில் இருக்க, தாயும் பாட்டியும் வளர்க்கும் வீடுகள் ஏராளம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் மது வாங்குவதற்கான வயது வரம்பு இருபத்து மூன்று, இப்பக்கம் இருபத்தொன்று. எந்தப் பக்கத்திலும் பதினெட்டு வயதுக்காரனுக்கு வாங்கிக் கொடுக்க ஓர் 'அண்ணன்' கிடைக்காமல் போவதில்லை. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடையில் உள்ளன. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. மாணவர்களிடம் கூல் லிப் பரவியதைக் குறித்து 2024இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே கேள்வி எழுப்பும் அளவுக்கு நிலைமை போனது. வலி மாத்திரைகளின் கதை வேறு. டிராமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்ட பின், அதே குடும்பத்தைச் சேர்ந்த டபென்டடால் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக நாட்டின் பல இடங்களிலிருந்து மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். ஒரு வாசலை மூடினால் அடுத்ததைத் திறப்பது இந்த வணிகத்தின் இயல்பு.

பள்ளிகள் செய்வது என்ன? ஜூன் 26 அன்று உலகப் போதை ஒழிப்பு நாள். உறுதிமொழி, பேரணி, கட்டுரைப் போட்டி, காவல்துறை அதிகாரி ஒருவரின் உரை, சில இடங்களில் குடியிலிருந்து மீண்ட ஒருவரின் கண்ணீர்ச் சாட்சியம். இவற்றை நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. நானும் நடத்துகிறேன், சுற்றறிக்கை வந்தால் நடத்தியாக வேண்டும். ஆனால் ஐ.நா.வின் போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளை எடுத்துப் பாருங்கள். வெறும் விரிவுரை, அச்சுறுத்தும் படங்கள், ஒழுக்க அறிவுரை மட்டும், முன்னாள் பயன்பாட்டாளரின் சாட்சியம், காவலர் நடத்தும் வகுப்பு ஆகியவை பலன் தருவதாகச் சான்று இல்லாதவை, சில சமயம் எதிர்விளைவு தருபவை என்னும் வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய நம் ஜூன் 26 நிகழ்ச்சி நிரல்தான் அது.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட அனுபவம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை 1983இல் தொடங்கிய 'டேர்' என்னும் திட்டத்தில் சீருடை அணிந்த காவலர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினர். அமெரிக்கா முழுவதும் பரவியது. பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியருக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்தது. கென்டக்கி மாநிலத்தில் ஆறாம் வகுப்பில் அதைப் பெற்ற சுமார் ஆயிரம் பேரைப் பத்தாண்டுகள் கழித்து, இருபது வயதில் தேடிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதைப் பெறாதவர்களுக்கும் புகையிலையிலோ மதுவிலோ கஞ்சாவிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று 1999இல் எழுதினார்கள்.

பலன் தந்தவை வேறு விதமானவை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985இல் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் 'ஆட்டம்' சோதிக்கப்பட்டது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, அமைதியாக ஒத்துழைத்து நடந்துகொள்ளும் குழுவுக்குச் சிறு பரிசு கொடுப்பது, அவ்வளவுதான். போதைப்பொருள் என்ற சொல்லே அதில் கிடையாது. ஆண்களில் பத்தொன்பது முதல் இருபத்தொரு வயதுக்குள் போதைப் பழக்க நோய்க்கு ஆளானவர்கள் சாதாரண வகுப்பில் 38 விழுக்காடு, ஆட்டம் ஆடிய வகுப்பில் 19 விழுக்காடு. கனடாவின் பட்ரீசியா கான்ராட் வடிவமைத்த முறை வளரிளம் பருவத்தினருக்கானது. பரபரப்பைத் தேடும் இயல்பு, யோசிக்காமல் செயல்படும் இயல்பு, பதற்றம், நம்பிக்கையின்மை ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று மிகுந்த மாணவர்களை ஒரு வினாத்தாள் வழியாக இனங்கண்டு, அந்தந்த இயல்பைக் கையாளும் விதத்தை ஒன்றரை மணி நேர அமர்வுகள் இரண்டில் கற்பிப்பார்கள். இலண்டன் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே இதை நடத்தியபோதும் மாணவர்களின் மதுப்பழக்கம் குறைந்தது. ஒரு வகுப்பில் பதற்றத்தால் தொடுபவனும் துணிச்சலைக் காட்டத் தொடுபவனும் அருகருகே உட்கார்ந்திருக்கையில் இருவருக்கும் ஒரே உரையை ஆற்றிப் பயன் என்ன என்பதை இதைப் படித்த பிறகே நான் கேட்கத் தொடங்கினேன்.

ஐஸ்லாந்தைப் பற்றியும் பலர் பேசுகிறார்கள். அங்கே 1998இல் பதினைந்து, பதினாறு வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்திருந்தனர்; 2016இல் அது ஐந்து விழுக்காடு. மாலை நேர விளையாட்டுக்கும் இசைக்கும் குடும்பங்களுக்கு நிதியுதவி, பெற்றோர் கூட்டமைப்பு, இரவில் சிறுவர்கள் வெளியே சுற்றத் தடை, ஒவ்வோர் ஆண்டும் பள்ளிதோறும் கணக்கெடுப்பு என்று பலவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். மக்கள்தொகையில் நம் மாவட்டத்தின் கால்பங்குக்கும் குறைவான ஒரு தனி நாட்டில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடந்தது அது. ஆகையால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்றாலும் தூத்தூர் முதல் முட்டம் வரை ஊருக்கு ஊர் கால்பந்துக் குழு இருக்கும் கடற்கரை நம்முடையது. அந்தக் குழுக்களில் பத்தாம் வகுப்பில் தோற்ற பையனுக்கும் இடம் இருக்கிறது. அரசு ஒன்றைப் புதிதாகத் தொடங்குவதற்கு முன் இருப்பதைப் பாதுகாக்கலாம்.

இனி, ஏற்கெனவே தொட்டுவிட்ட பையன். இங்குதான் ஆய்வுகள் அதிகம், நம் ஊரில் ஏற்பாடு குறைவு. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உலகின் பல மொழிகளில் பயன்படுகிறது. போதையில் இருந்தவர் ஓட்டிய காரில் ஏறியிருக்கிறாயா, மனத்தைத் தளர்த்திக்கொள்ளவோ கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவோ இதைப் பயன்படுத்துகிறாயா, தனியாக இருக்கும்போது பயன்படுத்தியிருக்கிறாயா, அந்த நேரத்தில் செய்தது மறந்துபோனதுண்டா, வீட்டாரோ நண்பர்களோ குறைத்துக்கொள்ளச் சொன்னதுண்டா, இதனால் வம்பில் மாட்டியதுண்டா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். காரை எடுத்துவிட்டு பைக்கை வைத்துக்கொண்டால் முதல் கேள்வி நம் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. என் அனுபவத்தில் தனியாகப் பயன்படுத்துவதைப் பற்றிய கேள்விதான் மற்ற ஐந்தையும்விட அதிகம் சொல்கிறது. நண்பர்களோடு மட்டும் தொடுபவனுக்கு நண்பர்கள் காரணம். தனியே தொடுபவனுக்கு வேறு ஏதோ வலிக்கிறது.

கேட்ட பிறகு என்ன செய்வது? வில்லியம் மில்லர் என்னும் உளவியலாளர் 1983இல் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்குடன் சேர்ந்து வளர்த்த ஒரு பேச்சு முறை இன்று இத்துறை முழுவதிலும் அடிப்படையாக உள்ளது. மாற வேண்டும் என்ற வாதத்தை ஆலோசகர் சொல்லக் கூடாது. எதிரே இருப்பவரின் வாயிலிருந்து அது வரும்படி கேட்க வேண்டும். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது மிகக் கடினம், ஏனென்றால் பதிலைச் சொல்லிக்கொடுத்தே பழகியவர்கள் நாங்கள். கடற்கரையிலிருந்து வரும் ஒரு மாணவனிடம், "இத வாயில வச்சா உனக்கு என்ன கிடைக்குது மக்கா?" என்று கேட்டேன். கேட்ட விதத்தில் அவன் திகைத்துவிட்டான். நன்மையைப் பற்றி யாரும் அதுவரை கேட்டதில்லை போலும். "ராத்திரி வள்ளத்துல போயிட்டு வந்து கிளாஸ்ல உக்காந்தா உறக்கம் வரும் டீச்சர். இது இருந்தா வராது," என்றான். புகையிலையைப் பற்றிய என் பாடம் முழுவதும் புற்றுநோயைச் சுற்றியே இருந்தது. அவனுடைய சிக்கலோ உறக்கத்தைச் சுற்றி இருந்தது. சனி, ஞாயிறு தவிர மற்ற நாள்களில் அவனை இரவில் கடலுக்கு அழைக்க வேண்டாம் என்று அவன் சித்தப்பாவிடம் பேசியது எந்தச் சொற்பொழிவைவிடவும் பயன்பட்டது. பழக்கம் முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

இவ்வளவு எளிய பேச்சுக்கு உண்மையிலேயே வலிமை உண்டா என்று ஐயப்படுவோருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ஒன்று நம் நாட்டில், கோவாவில் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மதுவால் பாதிப்படையத் தொடங்கிய 377 ஆண்களில் ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினருக்கு அதோடு கூடுதலாக நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை. ஆலோசனை அளித்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர், அதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதங்களில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் அபாய நிலையிலிருந்து மீண்டிருந்தனர் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. வேறுபாடு மலைபோன்றது அன்று. ஆனால் அதற்குச் செலவு மிகக் குறைவு, ஆள்கள் உள்ளூரிலேயே கிடைப்பார்கள். அது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றொன்று அமெரிக்காவில் 600 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த கஞ்சாச் சிகிச்சை ஆய்வு, 2004இல் வெளியானது. ஐந்து வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். ஐந்திலும் முன்னேற்றம் இருந்தது, ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தே அமர்வுகள் கொண்ட மிகக் குறுகிய முறையும் நீண்டவற்றுக்கு ஈடுகொடுத்தது. ஆண்டு முடிவிலும் பெரும்பாலானோருக்குப் பழக்கமோ அதன் சிக்கலோ மீதமிருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஒரே தடவையில் முடிந்துவிடும் சிகிச்சை இது அன்று. ஆஸ்துமாவைப் போலத் தொடர்ந்து பார்க்க வேண்டியது.

குடும்பத்தையும் உள்ளே கொண்டுவரும் சிகிச்சைகள் மற்றவற்றைவிடச் சற்று மேலானவை என்று 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. வளரிளம் பருவத்தினருக்கான புறநோயாளிச் சிகிச்சைகளை ஒப்பிட்ட 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது அது. இதைப் படித்தபோது நம் ஊர்க் குடும்பங்கள் செய்யும் சிகிச்சைகள் நினைவுக்கு வந்தன. ஒரு தாய் என்னிடம், "அவன் மாமா சவுதியில இருக்காரு டீச்சர், அங்க அனுப்பிட்டா சரியாயிரும்லா?" என்று கேட்டார். சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று இது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே ஐந்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகியிருந்தும், அவர்களில் நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஐந்து விழுக்காட்டினர்தாம். இடமும் கூட்டாளிகளும் மாறுவதற்கு அவ்வளவு பெரிய ஆற்றல் உண்டு. ஆனால் அந்த வீரர்கள் போதை கிடைத்த இடத்தை விட்டுத் தம் வீட்டுக்கு வந்தார்கள். நம் பையன் வீட்டை விட்டுப் போகிறான், இரண்டாண்டு கழித்து விடுமுறையில் அதே தெருமுனைக்குத் திரும்பி, அதே கூட்டாளிகளைப் பார்க்கிறான். போன இடத்தில் பழக்கம் தொடர்ந்தாலோ அந்நாடுகளின் சட்டம் மன்னிப்பதில்லை. திருமணம் செய்துவைத்தால் திருந்துவான் என்ற மற்றொரு சிகிச்சையைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. அதன் செலவை ஏற்பவள் வேறொரு வீட்டுப் பெண் என்பதால், அதைச் சிகிச்சை என்று அழைப்பதே தகாது.

பேருந்து நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' விளம்பரங்களைப் பற்றி ஓரிரு சொற்கள். குடியை நிறுத்த டைசல்பிராம் என்னும் மருந்து பயன்படும் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 1948இல் வெளியிட்டார்கள். அது உடலில் இருக்கும்போது மது அருந்தினால் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சு சேர்ந்து முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கும். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளி அறிந்து ஒப்புக்கொண்டு உண்ண வேண்டிய மருந்து அது. குழம்பில் கலந்து கொடுப்பது உயிரோடு விளையாடுவது. இளையோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மறுவாழ்வு மையங்கள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை போன்றவை, குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் வழியை இந்நாட்டுக்குக் காட்டியவை. என் தயக்கம், பதினேழு வயதுப் பையனை நாற்பது வயதுக்காரர்களுடன் ஒரே கூடத்தில் பல மாதங்கள் அடைத்துவைக்கும் இடங்களைப் பற்றியது. சிக்கல் உள்ள சிறுவர்களை ஒன்றாகக் குழுவில் சேர்ப்பதே சில வேளைகளில் பழக்கத்தைக் கூட்டிவிடுகிறது என்று டிஷியன் என்பவரும் மற்றவர்களும் 1999இல் காட்டினார்கள். நன்கு பயிற்சி பெற்றவர் நடத்தும் குழுக்களில் அந்தத் தீங்கு காணப்படவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் சில சொல்கின்றன. நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்தே பலன்.

வலி மாத்திரைக்கும் ஹெராயினுக்கும் அடிமையானவர்கள் விஷயத்தில் இன்னொரு தவறான எண்ணம் நிலவுகிறது: உடலிலிருந்து நஞ்சு இறங்கிவிட்டால் நோய் போய்விட்டது என்பது. பதினைந்து முதல் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட 152 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், போதை ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரிநார்பினும் நலாக்சோனும் சேர்ந்த மருந்தை ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தினார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். எட்டாம் வாரத்தில் முதல் பகுதியினரில் 54 விழுக்காட்டினரின் சிறுநீரில் போதைப்பொருள் இருந்தது, இரண்டாம் பகுதியினரில் 23 விழுக்காட்டினருக்கு. பன்னிரண்டாம் வாரத்தில், மருந்தை நிறுத்திக்கொண்டே வந்தபோது, அந்த 23 மீண்டும் 43 ஆகிவிட்டது. இரண்டு வாரம் போதாது, பன்னிரண்டு வாரமும் போதாது. 'எத்தனை நாளில் வீட்டுக்கு அனுப்புவீர்கள்' என்று வாசலிலேயே கேட்கும் நம் பெற்றோருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் பற்றிய அச்சம் பலரைத் தடுக்கிறது. பையனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் வழக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்னும் பிரிவு, சிறிய அளவோடு அகப்பட்ட அல்லது உட்கொண்ட குற்றத்துக்கு ஆளான அடிமை தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. கடுமை வேறு பக்கத்தில் இருக்கிறது: குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெட்டிக்கடைக்காரரை விட்டுவிட்டுப் பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நம் வழக்கம் சட்டத்தின் நோக்கத்துக்கே தலைகீழானது. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன் அன்று மாலையிலிருந்து முழுநேரமும் அவனுக்கு விற்பவர்களோடு இருக்கிறான்.

என் மாணவர்களின் பெற்றோர் கேட்கும்போது நான் சொல்வது இது. முதலில் 14416 என்னும் எண். தமிழில், கட்டணமின்றி, 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் மனநல உதவி. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்னும் தேசிய எண்ணும் உண்டு. நேரில் பார்க்க விரும்பினால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவார்களே என்று தயங்கும் தாய்மாரிடம், அங்கே தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் வருவோரும் அதே வரிசையில்தான் அமர்ந்திருப்பார்கள் என்று சொல்லுவேன். தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்கீழ் அது பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்கவும், வீட்டார் ஒருவரோ அவர்கள் அமர்த்தும் துணையாளோ சிகிச்சை முடியும்வரை உடனிருக்கவும் அச்சட்டத்தின் 87ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. எவரையும் சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு தடுக்கிறது. மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், குடும்பத்தாரோடு எப்போது பேசுவார்கள், வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பவற்றையும் கேட்கலாம். 'பையனை விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க' என்பது பதிலானால், அவனையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள் என்கிறேன்.